கை பெருத்தது, இடுப்பு சிறுத்தது

போன ஆடியில், கடையில் வேலை இல்லாத ஒரு மத்தியானம், என்னுடைய பழைய டாப் ஒன்றைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு நானே தைத்துக்கொண்டது. மெரூன் காட்டன், முக்கால் கை. போட்டுப் பார்த்தால் இடுப்பில் தொளதொளவென்று நின்றது. கையோ புஜத்தில் பிடித்தது. கைத்தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியிலிருந்து அரை இஞ்ச் விட்டேன். இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் பிடித்தேன். நூலைக் கத்தரித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருவில் கடை போட்டு 26 வருஷம் ஆகிறது. கையைத் தளர்த்தி இடுப்பைப் பிடிக்கிற ஆல்ட்ரேஷனை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செய்திருக்கிறேன்.

ஆல்ட்ரேஷனுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. பிள்ளை பெற்று, வயசு ஏறி, உடம்பு போட்டவர்கள் எல்லா இடத்திலும் விடச் சொல்லிக் கொண்டுவருவார்கள். சாப்பாட்டைக் குறைத்து இளைத்தவர்களுக்குக் கை, தோள், மார்பு எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியிருக்கும். இடுப்பில் மட்டும் பிடிக்க ஒன்றும் இருக்காது. "பத்து கிலோ குறைச்சேன் அக்கா, இந்த வயிறு மட்டும் அசைய மாட்டேங்குது" என்று கண்ணாடி முன்னால் நின்று சொன்னவர்களின் பெயரை என் அளவு நோட்டிலிருந்து எழுதினால் ஒரு பக்கம் போதாது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் தோள், மார்பு, இடுப்பு, சீட், கை நீளம், கைச்சுற்று என்று தேதி போட்டு எழுதி வைப்பேன். பழைய நோட்டுகளையும் தூக்கிப் போட்டதில்லை. கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்த பெண்ணுக்கு அவள் மகளின் சடங்குக்கும் தைத்திருக்கிறேன். இருபது வருஷ இடைவெளியில் கைச்சுற்று அப்படியே இருக்கிறது, சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. இடுப்பு ஏழு இஞ்ச் கூடியிருக்கிறது. பிசியோதெரபி படிக்கிற என் மகள் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, டாக்டருங்க ஆராய்ச்சின்னு எழுதறதை நீ துணிக்கணக்குல எழுதி வச்சிருக்கே" என்றாள்.

அவள் காட்டிய ஒரு படத்தை மறக்க முடியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை என்று சொல்கிறார்களே, அந்த பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டு உடம்பின் வாகு இது என்கிறார் யாக்னிக். கை கால் மெலிந்து, தசை குறைந்து, இருக்கிற கொழுப்பு வயிற்றில் போய்ச் சேர்கிற வாகு. எடை மெஷினில் ஏறி நின்றால் இது தெரியாது. டேப்பில் தெரியும்.

தையல் டேப்பைத் திருப்பினால் பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கிற எல்லை. இஞ்ச் கணக்கில் பெண்களுக்கு முப்பத்தொன்றரை, ஆண்களுக்கு முப்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை வெளியே விட்டு முடித்த நேரத்தில் அளக்க வேண்டும். டேப்பைக் கையில் எடுத்ததுமே எல்லாரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பேன். பேசிக்கொண்டே எக்க முடியாது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க 1,13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு 2023-இல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 39.5 பேர் இந்த இடுப்பு எல்லையைத் தாண்டியவர்கள். என் கடைக்கு வருகிற நாற்பது வயசுப் பெண்களை மட்டும் எடுத்தால் அதைவிட அதிகமாகத்தான் வரும்.

அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி. 43 வயதில் எனக்கு எடை 68 கிலோ, இடுப்பு 38 இஞ்ச். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை மெஷினில் உட்கார்ந்தே இருக்கிற வேலை. ஒரு வாடிக்கையாளர் சொல்லி, போனிலேயே நடத்துகிற ‘கிளீன் ஈட்டிங்’ வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. அரிசி கூடாது, கோதுமை கூடாது, பால், தயிர், மோர் கூடாது, சர்க்கரை வெல்லம் எதுவும் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, எண்ணெய் ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன், நாலு மணிக்கு மேல் பழம் கூடாது. சாப்பிட்டதையெல்லாம் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். இட்லி சாப்பிட்ட ஒருத்தியைக் குழுவில் ‘சறுக்கிவிட்டார்’ என்று எழுதியபோது அவளுக்காக நான் வெட்கப்பட்டேன். இட்லிக்கு!

ஐந்தாவது மாதம் லைனிங் துணி எடுக்கச் சிக்பேட்டை போயிருந்தேன். அவின்யூ ரோட்டில் வெயிலில் நடந்து, கடைக்குள் நுழைந்து, பேலைத் திறந்து காட்டச் சொன்ன நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் மஜ்ஜிகே வாங்கி வந்து கையில் கொடுத்தார். கொத்தமல்லியும் இஞ்சியும் மிதக்கிற மோர். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பால் பொருள், உப்பு போட்டது, இதைக் குடித்தால் இன்றைக்குக் கணக்கு கெட்டுப்போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "குடியம்மா, குடி" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். எதிரே இருந்த ஆள் என் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் விதியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த டம்ளரின் சில்லிப்பு இன்னும் விரலில் இருக்கிறது.

குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து அளந்தேன். எடை 59-க்கு வந்திருந்தது, ஒன்பது கிலோ குறைவு. கைச்சுற்று 12-லிருந்து பத்தரை. இடுப்பு 38-லிருந்து முப்பத்தாறரை. ஒன்பது கிலோவுக்கு ஒன்றரை இஞ்ச்தான். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் குறைவு. அடுத்த ஒரு வருஷத்தில் எட்டு கிலோ திரும்பி வந்தது. இடுப்பு முப்பத்தெட்டரை. ஆரம்பித்த இடத்தைவிட அரை இஞ்ச் கூட.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. உடம்புக்குக் கிடைக்கிற சாப்பாடு திடீரென்று குறைந்தால் அது சேமிப்பில் கை வைக்கும். கொழுப்பை மட்டும் எடுக்காது, தசையையும் சேர்த்துக் கரைக்கும். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையைக் குறைப்பவர்கள் இழக்கிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையும் அதைச் சேர்ந்ததும் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. புரதமும் போதாமல், உடம்புக்கு வேலையும் கொடுக்காமல் இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகவே குறைகிறது. அதன் மேல் பட்டினியும் சேர்ந்தால், ஏற்கெனவே கை கால் மெலிந்த நம் வாகுக்கு என்ன மிஞ்சும்? பத்தரை இஞ்ச் கைச்சுற்று மிஞ்சும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1944-இன் கடைசியில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். போரில் ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு, ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி. எடையில் கால் பங்கு போய்விட்டது. அதைவிட முக்கியம் மனசுக்கு நடந்தது. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி. சிலர் சமையல் புத்தகங்களாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். திரும்பச் சாப்பிடத் தொடங்கியபோது தசை மீள்வதற்கு முன்னாலேயே கொழுப்பு மீண்டது, பழைய அளவைத் தாண்டியும் போனது. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்த ஐந்து மாதமும் ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு பிரியாணி செய்கிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் சாப்பாடு அந்த 1,600-ஐக் கூடத் தொட்டிருக்காது. ‘சுத்தமான’ சாப்பாட்டைப் பற்றிய இந்த நினைப்பே பிடித்து ஆட்டுகிற நிலைக்கு ஒரு பெயரும் உண்டு. ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் 1997-இல் அதை ‘ஆர்த்தோரெக்சியா’ என்றார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோடா, பேக்கரி பப்ஸ், பாக்கெட் சிப்ஸ், டீக்கு டீ இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இதையெல்லாம் குறைப்பது நல்லது, குறைக்கத்தான் வேண்டும். கொழுப்பு குறைய வேண்டுமானால் சாப்பாடு கொஞ்சம் குறையத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது அந்தப் பட்டியலை. பெற்றவர்கள் ஊட்டிய சாப்பாட்டை அழுக்கு என்று சொல்லவைக்கிற பட்டியலை.

வயிற்றில் இருப்பது இரண்டு வகைக் கொழுப்பு. தோலுக்கு அடியில், விரலால் பிடித்து இழுத்தால் வருவது ஒன்று. வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலைச் சுற்றி, கல்லீரலுக்குப் பக்கத்தில் இருப்பது இன்னொன்று. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி செய்வதில் இரண்டாவதுதான் பொல்லாதது. மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை தொடையிலும் சீட்டிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. என் நோட்டில் 45-ஐத் தாண்டிய பெண்கள் எல்லாரிடமும் இது தெரியும்; சீட் அளவு நிற்கும், இடுப்பு அளவு ஓடும்.

வயிற்றுக்கென்று செய்கிற பயிற்சிகளையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். படுத்துக்கொண்டு தலையைத் தூக்குவது, காலைத் தூக்குவது. 2011-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 24 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகளை வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் செய்ய வைத்தார்கள். வயிற்றுத் தசைக்குத் தாக்குப்பிடிக்கும் பலம் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. டாப்பில் இடுப்பு லூஸாக இருந்தால் இடுப்பில் மட்டும் பிடிக்கலாம், துணிக்கு அது சரி. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று தானே முடிவு செய்யும்.

மகள்தான் என்னை இரும்பு தூக்கச் சொன்னாள். நான் சிரித்தேன். கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடுமே என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்கிற வார்த்தையையே நானும் சொன்னேன். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு, அப்படியெல்லாம் ஊதாது, வருஷக்கணக்கில் பாடுபட்டால்தான் கொஞ்சமாவது வரும் என்று விளக்கினாள். என் கைக்குப் பதினாலு மாதத்தில் வந்தது அரை இஞ்ச்.

பெங்களூருக்கு இரும்பு புதிதில்லை. பேட்டைப் பகுதிகளில் மல்யுத்தம் பழகுகிற கரடி மனைகள் எத்தனையோ இருந்த ஊர். கோலார் பக்கத்திலிருந்து வந்த கே.வி. ஐயர், ஜே.சி. ரோட்டில் வியாயாமசாலை நடத்தியவர், 1930-லேயே ‘மசில் கல்ட்’ என்று புத்தகம் எழுதியிருக்கிறார். இரும்போடு ஆசனங்களையும் சேர்த்துப் பழக்கியவர். ‘சாந்தலா’ என்ற கன்னட நாவலும் அவருடையதுதான். ஆனால் என் சிறுவயதில் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஜிம் என்றால் பையன்கள் போகிற இடம்.

நான் சேர்ந்தது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற சின்ன ஜிம். சொல்லிக்கொடுப்பது 26 வயசுப் பெண், தங்கவயல் தமிழ். முதல் நாள் அவள் இரும்பையே தொட விடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, "கையை ஊன்றாம உட்காருங்க ஆன்ட்டி, கையை ஊன்றாம எழுந்திருங்க" என்றாள். எட்டாவது தடவை தொடை நடுங்கியது. 26 வருஷம் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்த தொடை. அடுத்தது சுவரில் கை வைத்துத் தண்டால். அப்புறம் இரண்டு கிலோ டம்பெல்லை இடுப்பு வரை இழுப்பது. அவ்வளவுதான் முதல் மாதம். வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாற்பது நிமிஷம்.

முறை ஒன்றுதான். இன்றைக்குச் சுலபமாக வருவதை நாளைக்குக் கொஞ்சம் கடினமாக்க வேண்டும். பத்து தடவை தூக்க முடிந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த எடை. தசை நார்களுக்குப் பழக்கமில்லாத பாரம் கிடைத்தால் அவை அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும், அதற்குச் சாப்பாட்டில் புரதம் வேண்டும், தூக்கம் வேண்டும். தரையிலிருந்து எடை தூக்குவதை எட்டு கிலோ கெட்டில்பெல்லில் ஆரம்பித்தேன். இப்போது 40 கிலோ. முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலில் பலம் கொடுத்துத் தூக்குவது. இருபது லிட்டர் தண்ணீர் கேனை டிஸ்பென்சரில் கவிழ்க்க முன்பெல்லாம் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிடுவேன். இப்போது நானே கவிழ்க்கிறேன். கடையில் துணி வெட்டித் தரும் பெண் முதல் நாள் வாயைப் பிளந்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்: இரும்பு தூக்கினால் தொப்பை கரைகிறதா? மகள் கொண்டுவந்து காட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது 2007-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ஏனென்றால் அது என்னைப் போன்ற சாதாரணப் பெண்களைப் பற்றியது. எடை கூடிய 164 பெண்கள், 25 முதல் 44 வயது வரை. ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி, மறுபாதிக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லித் துண்டுப் பிரசுரம். சாப்பாட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், துண்டுப் பிரசுரம் வாங்கியவர்களின் உள்வயிற்றுக் கொழுப்பு 21 சதவீதம் கூடியிருந்தது. எடை தூக்கியவர்களுக்கு 7 சதவீதம்தான். அதாவது சாப்பாட்டை மாற்றாமல் இரும்பு மட்டும் தூக்கினால் தொப்பை மாயமாகாது. ஆனால் வருஷா வருஷம் ஏறுகிற ஏற்றத்துக்கு அது கடிவாளம் போடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. 2011-இல் ட்யூக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எட்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்ததில், உள்கொழுப்பையும் கல்லீரல் கொழுப்பையும் குறைத்தது வேகமான நடை, ஓட்டம் போன்ற மூச்சு வாங்க வைக்கிற பயிற்சிதான். எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. அதனால் நான் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜிம் இல்லாத நாளில் அல்சூர் ஏரியோரம் திருவள்ளுவர் சிலைப் பக்கம் வேகமாக முக்கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதுதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி. நம் ஊரில் முதல் பாதியை எல்லாரும் கேட்டிருக்கிறோம். காலையில் கப்பன் பார்க்கிலும் லால்பாக்கிலும் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டாம் பாதியை, அதுவும் பெண்களிடம், யாரும் சொல்லவே இல்லை.

தசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் சாப்பிடுகிற சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறியதும் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிற இடம் தசை. அந்த இடம் சின்னதாக இருந்தால் மிச்சம் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் போகும். சோற்றைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், அதை வாங்கி வைக்க உடம்பில் அலமாரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வழி காட்டியது எங்கள் ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி. கோரமங்களா பக்கம் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் என்ற பேராசிரியர், நம் நாட்டு ஆட்களின் உடம்புக்கு லைசின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு தேவை என்று 24 மணி நேரமும் மூச்சுக்காற்றைச் சேகரித்து அளந்து பார்த்தார். 1985-இல் உலக அமைப்புகள் சொன்ன அளவு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிகிராம். 2007-இல் அதை 30 ஆக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்கு ஆதாரமானவற்றில் பெங்களூரில் எடுத்த கணக்குகளும் உண்டு. அரிசி, கோதுமை, ராகி எல்லாவற்றிலும் குறைவாக இருப்பது இந்த லைசின்தான். பருப்பிலும் பயறிலும் அது நிறைய. இட்லியில் உளுந்து, பொங்கலில் பாசிப்பருப்பு, சோற்றுக்கு சாம்பார், பிஸிபேளேபாத்தில் துவரை என்று நம் பெரியவர்கள் வைத்த ஜோடி எவ்வளவு சரி என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. கெடுத்தது நாம்தான். சோறு மலை மாதிரி, சாம்பார் தண்ணி மாதிரி. ஜோடியில் ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்கிறது கிளீன் ஈட்டிங். நான் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கெட்டியாக்கினேன்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எனக்கு அது 53 கிராம் ஆகிறது. எடை தூக்குவதால் 65, 70 வரை போகப் பார்க்கிறேன். காலையில் மூன்று இட்லி, கெட்டி சாம்பார், இரண்டு முட்டை. மத்தியானம் ஒரு கப் சோறு, அதே அளவு பருப்புக் கூட்டு, காய், ஒரு கிண்ணம் தயிர், வாரத்தில் இரண்டு நாள் மீன். நாலு மணிக்கு சுண்டல். ராத்திரி இரண்டு தோசையோ, முத்தே என்கிற ராகிக் களியில் சின்ன உருண்டையோ. மார்கழி, தை மாதங்களில் பெங்களூரே அவரேகாய் மணக்கும். ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கித் தோலெடுத்து வைக்கிற பிதுக்குப்பருப்புக் குழம்போடு முத்தே என்றால், என் மாமியார் ஊரான ஓசூர்ப் பக்கத்தில் அதுதான் விருந்து. டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை உண்டு. பண்டிகைக்கு ஒப்பட்டு என்கிற போளி உண்டு. மோர் தினமும் உண்டு.

பதினாலு மாதக் கணக்கு இது. எடை 67-லிருந்து 64, மூன்று கிலோ குறைவு. இடுப்பு முப்பத்தெட்டரையிலிருந்து 35, மூன்றரை இஞ்ச் குறைவு. கைச்சுற்று பதினொன்றரையிலிருந்து 12. பட்டினியில் ஒன்பது கிலோ போய் ஒன்றரை இஞ்ச். பாரம் தூக்கி மூன்று கிலோ போய் மூன்றரை இஞ்ச். முப்பத்தொன்றரை எல்லைக்கு இன்னும் மூன்றரை இஞ்ச் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் இதே அளவு வரும் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ரத்த அழுத்தம், குடலிறக்கம், மூட்டுவலி, சர்க்கரைக்கு மாத்திரை என்று இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஜிம்முக்குப் பணம் இல்லாதவர்களுக்கு நாற்காலியும் சுவரும் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலும் போதும்.

வயசாகிவிட்டது என்பவர்களுக்கும் ஒன்று. 1990-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரைக் கால் எடைப்பயிற்சியில் சேர்த்தார்கள். எட்டே வாரத்தில் அவர்களின் கால்பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. இதைக் கேட்டதிலிருந்து 76 வயதான என் அம்மா டி.வி. முன்னால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருகிறார், விளம்பரம் போடும்போதெல்லாம். "உன் புண்ணியத்துல கோயில் படி ஏறிடறேன்டி" என்கிறார்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, 29 வயசு, தை மாதம் கல்யாணம். கையில் போன், போனில் பட்டியல். ஆறு வாரமாகச் சோறு தொடவில்லை என்றாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடுப்பையும் அளந்தேன், 33. கைச்சுற்று ஒன்பதரை. அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, சொன்னா கேக்கவே மாட்டேங்கறா" என்றார். நான் அவளிடம் என் நோட்டில் என் பக்கத்தைத் திறந்து காட்டினேன், தேதியோடு, நாலு வருஷக் கணக்கையும். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா என்று கேட்டாள். எந்த ஜிம், சுவரில் தண்டால் எப்படி என்று கேட்டாள். அங்கேயே கட்டிங் டேபிளில் கை வைத்து ஐந்து எடுத்தும் பார்த்தாள், ஆறாவது வரவில்லை.

பட்டு ஜாக்கெட், மாம்பழ மஞ்சள், கையில் மயில் ஜரிகை. பட்டில் வழக்கமாகக் கைத்தையலுக்குக் கால் இஞ்ச்தான் உள்ளே விடுவேன், துணி வீணாகும் என்று. அவளுடையதில் ஒரு இஞ்ச் விட்டு வெட்டியிருக்கிறேன்.